பாதியில் ஓடியவருக்கு மீதி மெஹந்தி

பாண்டி பஜாரில் ரகுபதியின் ஃபேன்ஸி ஸ்டோர் வாசலில் முக்காலி போட்டு மெஹந்தி வரைபவர் கமர் ஜஹான். உலகத்தில் யார் யார் எதற்காகப் பச்சை குத்திக்கொள்கிறார்கள் என்று ஆறு வருடமாகப் படித்து வருகிறார். அவர் உடம்பில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. மார்க்கத்தில் ஆகாதென்று வீட்டில் விடமாட்டார்கள். படிக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

படிப்போடு நின்றிருந்தால் தொல்லையில்லை. அர்த்தம் தெரிந்தபின், உரிமையில்லாதவர் கையில் ஒரு கோட்டைக்கூட இழுக்க அவருக்கு மனம் வரவில்லை. நியூசிலாந்து மாவோரிகளின் முகக்கோடுகள் வம்சத்தைச் சொல்பவை. அதை முழங்கையில் கேட்ட கல்லூரிப் பெண்ணிடம் கொள்ளுத்தாத்தா பெயரென்ன என்று விசாரித்தார். அவள் எதிர்க்கடையில் மயில் வரைந்துகொண்டு போனாள். ஒரே வாரத்தில் இப்படி ஐந்து பேர். அவர் படிப்பில் ஆழம் அதிகம் என்று சொல்லமாட்டேன், நேர்மை இருந்தது. ரகுபதிக்கு அது பிடிபடவில்லை. இன்னொருவரைத் திருப்பி அனுப்பினால் முக்காலியை எடுத்துவிடுவேன் என்றார். அந்தத் தெருவில் வேறு வாசல் கிடைப்பது லேசில்லை.

மறுநாள் வந்தவர் அறிவு, அசோக் நகர் ஜிம் ஒன்றின் பயிற்சியாளர். நாகாலாந்துக் கொன்யாக் வீரர் ஒருவரின் படத்தைக் காட்டி, அதே கோடுகள் புஜத்தில் வேண்டும் என்றார். ரகுபதி கல்லாவிலிருந்து கழுத்தை நீட்டினார். கமர் ஜஹான் பேசாமலிருக்க முயன்றார். அரை நிமிடம் தாங்கியது.

“இது சண்டையில தலை எடுத்தவங்களுக்கு உண்டானது தம்பி. நீ எத்தினி எடுத்துகீறே?”

அறிவு சட்டைக் கையைச் சுருட்டினார். படத்தில் உள்ளதுபோலவே கறுப்பில் பச்சை குத்திய மூன்று கோடுகள், நாலாவது பாதியில் நின்றிருந்தது.

“ஒண்ணும் எடுக்கலக்கா. ஊசி தாங்காம நாந்தான் எந்திரிச்சு ஓடியாந்துட்டேன்.”

“சமோவா தீவுல இப்டி பாதியில ஓடினா, சாவுற வரைக்கும் அவமானம்.”

“அசோக் நகர்லயும் அப்டித்தாங்க்கா கீது.”

ரகுபதி வெளியே வந்து முக்காலியின் அருகில் நின்றார். கமர் ஜஹான் யோசித்தார். பாதியை மெஹந்தியால் முடிக்கக் கூடாதென்று அவர் படித்த எந்த ஊரிலும் விதியில்லை. கொன்யாக் கோட்டை மட்டும் போடமாட்டேன், மீதியைப் பூங்கொடியாக முடிக்கிறேன் என்றார். ஜிம் பையன்கள் சிரிப்பார்கள் என்று அறிவு முனகினார்.

“பூவுக்கு யார் தலையும் எடுக்க வாணாம். ஒக்காரு.”

அறிவு கையை நீட்டினார். பத்து நாளில் அழியும், ஒவ்வொரு தடவையும் திரும்ப வந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்று கமர் ஜஹான் எச்சரித்தார்.

அதைக் கேட்ட ரகுபதி உள்ளே போய், அறிவு உட்கார இன்னொரு முக்காலி கொண்டுவந்து போட்டார்.