தோளில் நாடா வைத்த படம்

பனியன் துணியில் வரைந்த ஒரு முதுகு என் பீரோவில் இருக்கிறது. கழுத்திலிருந்து இடுப்பு வரை, ஓர் ஆளின் முதுகளவு. விலா எலும்பை ஒட்டி, அவரை விதை வடிவில் சிவப்பாக இரண்டு சிறுநீரகங்கள். சிவப்பு வெளிறிவிட்டது. தோள் பக்கம் அம்மா வைத்துத் தைத்த நாடா மட்டும் இன்னும் விறைப்பாக நிற்கிறது.

அதை வரைந்தவர் அரசு ஆஸ்பத்திரி நர்சம்மா. எண்பதுகளின் கடைசியில், பெருமாநல்லூரில் நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்குச் சனிக்கிழமை டீ நேரத்தில் வருவார். அம்மா ஓவர்லாக் தையல் மிஷினில். நான் அடுத்த வரிசையில் ஃபிளாட்லாக்கில். வாயால் சொன்னால் எங்கள் ஆட்கள் கொட்டாவி விடுவார்கள் என்று கண்டுகொண்ட நர்சம்மா, கட்டிங் மேஜையில் மிஞ்சிய துணியைக் கேட்டு வாங்கி இந்தப் படத்தை வரைந்தார். யாரையாவது நிற்கவைத்து, தோளில் ஊக்குக் குத்தி முதுகில் தொங்கவிடுவார். "சக்கர இருக்கறவங்க நல்லாப் பாத்துக்கங்க. இந்த ரெண்டையும் கண்ணாட்டம் காப்பாத்தோணும்" என்பார். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அதனால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அம்மாவின் முதுகுதான்.

பனியன் துணியைத் தொங்கவிட்டால் இறங்கும். அது அதன் பிறவிக் குணம். வாரம் ஏற ஏறப் படம் நீண்டது. அவரை விதை வாழைக்காய் ஆனது. "ஏனுங்க சிஸ்டரு, கிட்னி நல்லா வளருதாட்ட இருக்குதுங்க" என்று கட்டிங் மாஸ்டர் கேலி பேச, நர்சம்மாவும் சேர்ந்து சிரித்தார். அது வளர்ந்ததோடு நிற்காமல் இறங்கி, அம்மாவின் இடுப்பில் வந்து உட்கார்ந்ததை அங்கே இருந்த அத்தனை தையல்காரர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.

நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவர்களுக்கு இடுப்புதான் முதலில் போகும். பெட்டிக்கடையில் வெற்றிலைபாக்கு மாதிரி வலி மாத்திரை கிடைக்கும். அம்மா முடியாத நாளில் ஒன்று போடுவாள். ஒரு சனிக்கிழமை அவளே நர்சம்மாவிடம் போய், நல்ல பிள்ளை மாதிரி சொன்னாள்: "நீங்க படம் காட்டுனதுல இருந்து ஒரு நாளுந் தவறறதில்லீங்க சிஸ்டரு. வலியில்லாட்டியும் கிட்னிக்கு மாத்திர போட்டுக்கறனுங்க." முந்தானையில் முடிந்திருந்த மாத்திரைப் பட்டையை எடுத்தும் காட்டினாள். அதே பெட்டிக்கடை மாத்திரை.

சர்க்கரைக்காரர்களின் சிறுநீரகத்துக்கு அதுவே எமன் என்று எனக்கு அப்போது தெரியாது. நர்சம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, எழுந்து அம்மா பக்கத்தில் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. "எந்த எடத்துக்குங்க அக்கா?" என்று மட்டும் கேட்டார். அம்மா இடுப்பில் கை வைத்தாள். "இங்கதானுங்களே தொங்கவுட்டுக் காட்டுனீங்க." நர்சம்மா துணியை அம்மாவின் முதுகில் வைத்துப் பார்த்தார். பிறகு அதை மெல்லத் தூக்கி, விலாவுக்குக் கீழே தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இங்க இருக்குதுங்க அக்கா. கெட்டாலும் இது வலிக்காது. உங்களுக்கு வலிக்கறது எலும்பும் சதையும். என்ற படமே உங்கள ஏமாத்திப் போடுச்சு." அந்தக் கையை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக் குழாயில் அம்மாவின் சிறுநீரை விட்டு விளக்கில் காட்டினார்கள். சூடேற ஏற வெள்ளையாகக் கலங்கியது. சிறுநீரகம் கெட ஆரம்பித்தால் அப்படிக் கலங்குமாம். "பாலாட்டத் திரிஞ்சு போச்சுங்களே" என்றாள் அம்மா. அப்பா இல்லாத வீடு. எனக்கு அவளை விட்டால் யார்? திரும்பும்போது பஸ்ஸில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தேன், கல்யாண வயதில்.

மாத்திரை நின்றது. உப்பு குறைந்தது. சர்க்கரையை விடாமல் பார்த்துக்கொண்டாள். படத்தையும் அவள் விடவில்லை. நர்சம்மாவிடம் கேட்டு வாங்கி, நனைத்துச் சுருக்கி, இஸ்திரி போட்டு, பனியன் இறங்காமல் இருக்கத் தோளில் நாங்கள் வைக்கும் நாடாவை அதற்கும் வைத்து அடித்தாள். யாரும் சொல்லாமலே, மிச்சமிருந்த மாத்திரைப் பட்டையைப் படத்துக்குக் கீழே வைத்துத் தைத்து, அதன் மேலே சிவப்பு நூலில் குறுக்குக் கோடுகள் போட்டாள். அடுத்த சனிக்கிழமை முதுகைக் காட்டிக்கொண்டு அவளே பேசினாள். "நாந்தான் கூறில்லாமத் தின்னுபோட்டேன். நீங்க தின்னுபோடாதீங்க." அன்று யாரும் கொட்டாவி விடவில்லை.

குழாயில் கலங்கல் முழுக்கத் தெளியவில்லை, கூடவும் இல்லை. ஒவ்வொரு தடவை சோதிக்கும்போதும் விளக்கைப் பார்த்தபடி நிற்பேன். நர்சம்மா என் தோளில் கை போட்டுக்கொள்வார். மாற்றலாகிப் போகும்போது துணியை அம்மாவிடமே கொடுத்தார். "இது உங்க முதுகுங்க அக்கா. நீங்களே வெச்சுக்கங்க." என் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்துவிட்டுத்தான் அம்மா போனாள். எத்தனையோ பேருக்குக் கிடைக்காத வருசங்கள் அவை. நர்சம்மா எங்கே இருக்கிறாரோ, அவர் காலில் விழ வேண்டும் என்று தோன்றும்.

இப்போது எனக்கும் சர்க்கரை. டாக்டர் மேஜையில் பிளாஸ்டிக்கில் சிறுநீரகம் வைத்திருக்கிறார், பளபளவென்று இருக்கிறது. இன்று காலை இடுப்பு பிடித்துக்கொண்டது. ஊரிலிருந்து வந்திருந்த மகள் வலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குச் செருப்பை மாட்டினாள். "இரு கண்ணு" என்று பீரோவைத் திறந்து, துணியை அவளிடம் கொடுத்துத் திரும்பி நின்றேன். தோளில் ஊக்குக் குத்திவிட்டு, என் விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"அங்கயேதாம்மா நிக்குது. ஒரு விரக்கடைகூட எறங்கல" என்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, ஒத்தடத்துக்கு வெந்நீர் வைக்கப் போனாள்.