கிணற்றுப் பாரா

நாற்பத்திரண்டு நோட்டிலும் ஒரே ஆள் ஒரே கிணற்றில் விழுந்தார். விழவைத்தவள் நான்தான்.

ஏம்பலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். நடந்த சம்பவத்தை ஒரு பாராவாக எழுதச் சொன்னால் பிள்ளைகள் பேனா மூடியைக் கடிப்பார்கள். அதனால் நானே ஒரு கதையைக் கட்டி போர்டில் எழுதிப்போடுவேன். ஞாயிற்றுக்கிழமை கரும்புக் காட்டுக்குப் போனேன், ஒருவர் கிணற்றில் விழுந்தார், நான் கத்தினேன், ஊரார் கயிற்றோடு ஓடிவந்து காப்பாற்றினார்கள். மனப்பாடம் செய்து அப்படியே எழுதினால் பத்துக்குப் பத்து. இந்தக் குறுக்கு வழியில் எனக்குப் பெருமை வேறு.

1. முதல் டெஸ்ட்

அபிநயா என்ற பெண் கடைசி வரியை மாற்றியிருந்தாள். யாரும் வரவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அதை அடித்து, ஊரார் காப்பாற்றினார்கள் என்று மேலே எழுதினேன். கூப்பிட்டும் கேட்டேன்.

"இன்னாடி இது? போர்டுல இருக்கறத எழுதறதுக்கு இன்னா நோவுது?"

"இனிமே சரியா எழுதறேன் மிஸ்."

அதற்கு முந்தைய கோடை லீவில்தான் அவள் அம்மா யாருடனோ ஓடிப்போய்விட்டதாக ஊர் பேசியது. ஸ்டாஃப் ரூமில் நாங்களும் வாய் ஓயாமல் பேசினோம். பாவம், பிள்ளைக்கு மனசு எங்கேயோ இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

2. அடுத்த இரண்டு டெஸ்ட்

அபிநயாவின் நோட்டில் கடைசி வரி சரியாக இருந்தது. ஊரார் வந்தார்கள், காப்பாற்றினார்கள். நடுவில் மட்டும் நாலைந்து வரி கூடியிருந்தது. ஒரு வரியில் 'ஷீட்' என்ற சொல்லுக்கு முன்னால் 'எ' என்ற ஆர்ட்டிகிள் விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்தேன். டிக் போட்டேன். அடுத்த நோட்டை எடுத்தேன்.

3. பெற்றோர் கூட்டம்

டெஸ்ட் நோட்டில் ஒவ்வொரு டெஸ்ட்டுக்குக் கீழேயும் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்பது எங்கள் பள்ளி விதி. அபிநயாவின் அப்பா வெள்ளைச் சட்டையோடு வந்தார். பணிவான மனிதர். நோட்டை என் பக்கம் திருப்பி, பாராவின் மேல் விரலை வைத்து ஓட்டினார்.

"நல்லா எழுதுதா மிஸ்? எவ்ளோ டிக்கு கீது பாருங்க. எனக்கு இதுல ஒரு எழுத்து தெரியாது. கீழ கையெழுத்து போடறதோட சரி."

விரல் நின்ற இடத்தை அப்போதுதான் படித்தேன். கிணற்று மேட்டில் ஒரு செருப்பு இருந்தது. நீலச் செருப்பு. அது அம்மாவுடையது. அப்பா மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு ஷீட் கொண்டுவந்து கிணற்றை மூடினார். மேலே கல் வைத்தார். நான் கரும்புக்குள் இருந்தேன்.

அதற்குக் கீழே கையெழுத்துக்கான இடம் இன்னும் காலி. முந்தைய டெஸ்ட்டிலும் அதே வரிகள், கீழே அவருடைய கையெழுத்து. மதியம் மூன்று மணி, நல்ல வெயில். அந்த வரிகளை மறுபடியும் படித்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் அபிநயா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"நல்லா எழுதுது," என்றேன். அவர் சிரித்த முகத்தோடு மூன்றாவது கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார்.

4. ஷீட்

மறுநாள் அவளைத் தனியாக அழைத்தேன். "இத எதுக்குடி இங்கிலீஷ்ல எழுதின?"

"எங்க வூட்ல யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது மிஸ்."

ஹெட்மாஸ்டரிடம் நோட்டைக் காட்டினேன். "நமக்கு எதுக்கு மேடம் வம்பு? போர்ஷன முடிங்க," என்றார். நான்கு நாள் பயந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் நோட்டோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

போர்வெல் போட்ட பிறகு யாரும் இறைக்காத பழைய கிணறு அது. சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கரும்பு. போலீஸார் கல்லை நகர்த்தி, தகர ஷீட்டைத் தூக்கினார்கள். அந்த அம்மா எங்கேயும் ஓடிப்போயிருக்கவில்லை.

அவள் எப்படி உள்ளே போனாள் என்பதை கோர்ட் விசாரிக்கிறது. அவளை ஓடுகாலி என்று பேசிய வாய்களில் என் வாயும் ஒன்று. அது எனக்கு இன்றும் வெட்கம்.

5. டி.சி. வாங்க வந்த நாள்

அபிநயாவை மண்ணாடிப்பட்டிலிருந்து அவள் தாய்மாமன் வந்து அழைத்துப்போனார். டி.சி. வாங்க வந்தவளிடம், இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல மிஸ். நீங்க டிக் போட்டப்பவே படிச்சிட்டீங்கன்னு தெரிஞ்சிச்சு. யாரையாச்சும் கூட்டினு வருவீங்கன்னு தெனமும் ஸ்கூல் கேட்டையே பாத்துனு இருந்தேன்."

இந்த வேலைக்குப் புதிதாக வரும் டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் படியுங்கள், பேனாவை அப்புறம் எடுங்கள். அன்றோடு போர்டில் கதை எழுதுவதை விட்டேன். பிள்ளைகள் தப்பும் தவறுமாக எழுதினார்கள், ரிசல்ட் குறைந்தது, திட்டு வாங்கினேன்.

ஆனால் அன்று அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன். இங்கே சொல்கிறேன். அபிநயா, டிக் போட்டபோது நான் அதைப் படிக்கவே இல்லை.