வீட்டில் பேசாத அப்பா

தொண்ணூறுகளில் மைசூரில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் ஒரு சிறுமி ஆங்கிலத்திலும் பேசமாட்டாள், வேறு எதிலும் பேசமாட்டாள். அவளுடைய அப்பாவை வரச்சொன்னேன்.

அவர் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள ஹனூர்ப் பக்கத்துத் தமிழர், பெயிண்டர். புருவத்தில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்திருந்தது. எதைக் கேட்டாலும் முதலில் கையால் சைகை காட்டிவிட்டு, பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வீட்டுல பாப்பாகிட்ட என்ன பேசுவீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசறதில்லீங்க மிஸ்," என்றார் பெருமையாக. "வீட்டுல தமிழ் பேசுனா இங்கிலீஷ் வராதுன்னு சொன்னாங்க. எங்க ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரியாதுங்க. அதனால இந்த வருசம் புள்ள இந்த ஸ்கூலுக்கு வந்ததுல இருந்து எல்லாம் சைகைதானுங்க."



"தமிழ்லயே பேசுங்க. ஸ்கூல்ல என்ன படிச்சேன்னு கேளுங்க, கதை சொல்லுங்க. வீட்டுல வாய் நிறையப் பேசற குழந்தைக்கு இங்கிலீஷும் வரும்," என்றேன்.

"நெசமாவா மிஸ்? இங்கிலீஷ் கெட்டுப் போயிராதுங்களே?"

"போகாதுங்க."

மகள் வராந்தாவில் நின்றிருந்தாள். அவர் போய் அவள் முன்னால் குந்தினார்.

"மத்தியானம் என்ன சாப்ட்ட கண்ணு?"

அவள் திகைத்து, பதில் சொல்லலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவ்வளவுதான், கேட்டைத் தாண்டிப் போகும்வரை அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அத்தனை மாதங்கள் அந்த மனிதர் மகளிடம் பேச்சை எப்படித்தான் அடக்கிக்கொண்டிருந்தாரோ, எனக்கு இன்றும் புரியவில்லை.