கொம்பியூட்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை எடுத்து வை என்றேன். என் மகள் ஒரேயொரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்தாள். கம்பஸில் இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளைக்கு ஒரு புத்தகந்தானா?

"மிச்சமெல்லாம் போனுக்கை கிடக்கு அப்பா. லைபிரரியே இதுக்கைதான்."

"அப்ப அதையும் வையன்."

"ஐயோ! நாளைக்குக் காலமை வரைக்கும் போனில்லாமல் என்னெண்டு இருக்கிறது?"

சிரித்துக்கொண்டே சந்தனத்தைக் குழைத்தேன். அந்த வாசத்துக்கு மற்றவர்களுக்குக் கோயில் நினைவு வரும். எனக்கு வருவது ஒரு குளிரூட்டிய அறையும் அதன் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளும்.

நான் பல்கலைக்கழக நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. இணையம் வருகிற கொம்பியூட்டர் ஒன்றே ஒன்றுதான். அதற்குத் தனி அறை, தைத்த துணி உறை. தூசி போகக்கூடாதென்று செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஆனால் அறைக்குப் பொறுப்பான சிவபாதம் அண்ணையின் பக்தியைப் பார்த்தால் உள்ளே மூலஸ்தானம் இருக்கிறதென்றே நினைப்பீர்கள். நானும் லேசுப்பட்ட ஆளில்லை. விசைப்பலகையைத் தொடுமுன் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொள்வேன்.

பழைய நூலட்டைகளைப் பார்த்துப் பார்த்து அதில் பதிந்துகொண்டிருந்தவர் நேசமலர் அக்கா. கொழும்புத்துறைப் பக்கம், மெதடிஸ்ற் குடும்பம்; எங்கள் ஊர்ப் பேச்சில் வேதக்காரர். எங்கள் வாணி விழாவுக்கு அவல் குழைக்கிறதும் அவர்தான். அட்டை மணத்துக்கு அவருக்குத் தும்மல் வரும். "இதெல்லாம் உள்ளுக்கை போனாப் பிறகு என்ரை மூக்குக்கு வேலையில்லை" என்பார்.

அந்த வருஷம் வாணி விழாவில் சிவபாதம் அண்ணை கொம்பியூட்டரையும் பூசையில் சேர்த்துவிட்டார். திரையில் சந்தனப் பொட்டு, மேலே செவ்வரத்தம்பூ. "நாளைக்குக் காலமை வரைக்கும் ஒருதரும் தொடப்பிடாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அன்றுதான் நேசமலர் அக்காவின் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். வயது எல்லையைத் தொட்டுவிட்டதால் அவருக்கு இனி இன்னொரு தடவை கிடையாது. இணையத்தைக் கொண்டுவருகிற, காலையிலிருந்து செத்துக் கிடந்த தொலைபேசி இணைப்பு, பூசை முடிந்த கையோடு உயிர்பெற்றது.

"நீங்கள் வேதம்தானே அக்கா, நீங்கள் தொட்டால் குற்றமில்லை" என்றேன், பெரிய சட்டத்தரணி மாதிரி.

"நான் வேதம்தான் தம்பி. கொம்பியூட்டர் சைவமெல்லோ!"

சிரித்தார், கண் கலங்கியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு சிவபாதம் அண்ணை வீட்டுக்குப் பறந்தேன். ஏச்சு விழுமென்று பயந்தபடிதான் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு என் சைக்கிளில் ஏறினார்.

செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, பூவை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார்.

"பிள்ளை படிக்கத்தானே கேக்குது. சரஸ்வதி வேண்டாமெண்டு சொல்லுவாவே?"

பொட்டை அழிக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. திரையின் நடுவில் அது அப்படியே இருக்க, அக்கா தலையை அங்குமிங்கும் சாய்த்து எழுத்துகளைத் தேடித்தேடி விண்ணப்பத்தை அனுப்பினார்.

இடம் கிடைத்தது. போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஆனால் ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் செய்தி தவறாது. முதலில் மின்னஞ்சலில், பிறகு வாட்ஸப்பில்: "என்ன தம்பி, கொம்பியூட்டருக்குப் பொட்டு வச்சாச்சோ?"

அந்த அறைக்குள் இப்போது பிள்ளைகள் செருப்போடு போய்வருகிறார்கள். நூலட்டைப் பெட்டிகளைக் காணோம். சிவபாதம் அண்ணை காலமாகிப் பல வருஷம். நேசமலர் அக்கா கண்ணை மூடியது இந்த வைகாசியில். அவருடைய மகன்தான் அறிவித்தான். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

மகள் போனை இறுகப் பிடித்தபடி நின்றாள். நான் என்னுடையதை எடுத்து, திரையில் ஒரு பொட்டு வைத்து, அவளுடைய புத்தகத்துக்கு மேலே வைத்தேன்.

"அப்பா, ஆரும் மெசேச் போட்டால்?"

"இண்டைக்கு எனக்குப் போடுற ஆள் இனி இல்லைப் பிள்ளை" என்றேன்.