அப்பாவின் கண்ணும் வாசிக்காத மூன்றாம் ஓலையும்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்துப் படத்தில் அப்பா கண்ணாடி இல்லாமல் இருக்கிறார். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது என்று படம் பிடித்தவர் கழற்றச் சொல்லிவிட்டார். அடையாளம் தெரியவில்லை என்று உறவினர்கள் யாரும் குறைபட்டுக்கொள்ள வேண்டாம். எங்களுக்கே தெரியவில்லை. அப்பா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. மூத்த மகளாகிய நான் என் மனதில் உள்ளதை எழுதுகிறேன். "நல்லதை மட்டும் எழுதுக்கா" என்று தம்பி சொன்னான். பார்க்கலாம்.

அப்பா காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், கிணறும் கொஞ்சம் விவசாயக் காடும் வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். கூடப் பிறந்தவர் ஒரே தங்கை, எங்கள் அத்தை. பள்ளியில் அப்பாவுக்குக் கரும்பலகை தெரியாது. மக்குப் பையன் என்று ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாராம். அங்கிருந்து ஆசிரியரும் தெரியாமல் போனார். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபது வயதில்தான் முதல் கண்ணாடி வாங்கினார். அதற்குள் பவர் மைனஸ் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

ஊரில் சோடாபுட்டி என்று பெயர் வைத்தார்கள். அப்பாவுக்குக் கோபமே வராது. "சோடாபுட்டி வர்றான்னு நீங்க கத்துறது நல்லதுங்க, எந்தப் பக்கம் ஆளு நிக்கிதுன்னு எனக்குத் தெரிஞ்சிடுதில்ல" என்பார். தக்காளிச் செடிக்குக் குனிந்தால் மூக்கு இலையில் இடிக்கும். ஆனாலும் எங்கள் காட்டில் புழு விழுந்த பழம் ஒன்றுகூடச் சந்தைக்குப் போனதில்லை.

அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது, தாத்தா அப்பாவின் கண்ணாடியைக் கழற்றித் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாராம். பெண் வீட்டாருக்குக் குறை தெரியக் கூடாதே! அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். "மாப்பிள்ள என்னையப் பாத்துச் சிரிக்கிறாருன்னாங்க. அவரு எங்க சின்னம்மாவப் பாத்தில்ல சிரிச்சிக்கிட்டு இருந்தாரு!" கல்யாணத்துக்கு மறுநாள்தான் அம்மா அந்தக் கண்ணாடியைக் கண்டார். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

அத்தைக்கும் அதே கண்தான். ஆனால் அத்தை கண்ணாடி போட்டதே இல்லை. ஊசியை மூக்கருகே வைத்து நூல் கோப்பார், ஆட்களைக் குரலை வைத்தே தெரிந்துகொள்வார். யாராவது கேட்டால், "எங்க வூட்டுக் கண்ணுக்கு என்ன கொறச்சல்?" என்று சண்டைக்கு வருவார். அத்தை மகனுக்கும் எனக்கும் பள்ளியிலேயே கண்ணாடி வந்துவிட்டது. நாங்கள் இருவரும் சிறு வயது முதலே பேசி வைத்த ஜோடி. எனக்கும் அவர்மேல் ஆசைதான். அதை எழுத எனக்கு வெட்கமில்லை. என் கணவர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை அச்சுக்குக் கொடுத்தார்.

நெருங்கிய உறவு என்பதால் ஆயர் இல்லத்தில் அனுமதி வாங்கி, கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லலாம் என்று அறிவிப்பது எங்கள் வழக்கம். அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் வலது கண் போனது. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், திரை போட்ட மாதிரி பாதிப் பார்வை மறைகிறது என்றார். சேலத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். பார்வை திரும்பவில்லை.

அங்கே மருத்துவர் அப்பாவுக்கும் தம்பிக்கும் விளக்கினார். "உங்க கண்ணு அளவுக்கு மீறி நீண்டிருக்கு. உள்ள இருக்கிற விழித்திரை மெலிஞ்சு கிழிஞ்சிடுச்சு. இந்த மாதிரி பெரிய பவர் ரத்த வழியா வரலாம். அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் இருந்தா பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு கூடும். வந்தே தீரும்னு இல்ல."

கடைசியாகச் சொன்னது அப்பாவின் காதில் விழவே இல்லை. இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள், யாரிடமும் சொல்லாமல் பங்குத்தந்தையிடம் போய் நின்றிருக்கிறார். "தடை இருக்குதுங்க சாமி. என் கண்ணுதான் தடை."

மூன்றாம் ஞாயிறு நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு பூசைக்குப் போனேன். பக்கத்தில் அத்தை. வேறொரு ஜோடியின் பெயரை வாசித்தார்கள். எங்கள் பெயர் வரவில்லை. தாளைத் தவற விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஆண்கள் பக்கம் அப்பா தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் காரணத்தை விசாரித்துவிட்டு வந்து, கோயில் வாசலிலேயே அத்தை அப்பாவிடம் கேட்டார்: "எம் புள்ளைய வேண்டாங்கறதுக்கு எங்கிட்ட வாய் தொறந்து சொல்ல முடியலையாண்ணா? ஊருக்கு முன்னாடி எங்களக் குருடுங்கன்னு சொல்லிட்டியே!"

அத்தை கேட்டதில் என்ன தவறு? கல்யாணத்தை நிறுத்தியதைக்கூட நான் பொறுத்திருப்பேன். பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கோயிலில் வைத்து நானே தெரிந்துகொள்ளும்படி விட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்று வருடம் அப்பாவிடம் நான் சரியாகப் பேசவில்லை. அத்தை அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை.

பிறகு கிருஷ்ணகிரியில், உறவுக்கு வெளியே, கண்ணாடி போடாத குடும்பத்தில் எனக்குத் திருமணம் நடந்தது. என் மகளுக்கு ஐந்து வயதில் மைனஸ் நான்கு! ஆத்திரத்தில் அப்பாவிடம் கேட்டுவிட்டேன்: "இதுக்குத்தானா எங்க கல்யாணத்த நிறுத்துனீங்க?" அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "பயந்துட்டேம்மா. எனக்கு வந்த இருட்டு உங்க புள்ளைக்கு வந்துடுமோன்னு பயந்துட்டேன். உங்கிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான்" என்று அழுதார். அன்றைக்கே என் கோபம் போய்விட்டது. ஆனால் அதை அவரிடம் சொன்னேனா என்றால், இல்லை. எனக்கு வாய் நீளமே தவிர, வேண்டிய நேரத்தில் வராது.

பிள்ளைகள் வெளிச்சத்தில் விளையாடினால் பவர் வருவது குறையும் என்று மருத்துவர் சொன்னதும், லீவு நாட்களில் அப்பா என் மகளைக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போவார். ஒற்றைக் கண் தாத்தாவும் கண்ணாடிப் பேத்தியும் வரப்பில் ஓடிப் பிடித்து விளையாடியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. வருடா வருடம் சேலத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி நச்சரிப்பதும் அவர்தான். அப்படிப் போன ஒரு வருடம் அவள் விழித்திரையில் சின்ன ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்து லேசர் வைத்து அடைத்தார்கள். அவளுக்குத் தெரியக்கூட இல்லை, அதற்குள் ஆபத்து விலகிவிட்டது.

அத்தை மகனும் வேறிடத்தில் மணம் முடித்து, பெங்களூரில் வேலைக்குப் போனார். அவருடைய மகள் அத்தையிடம் வளர்கிறாள். அந்தக் குழந்தை பாட்டுப் புத்தகத்தை மூக்கில் வைத்துப் படிப்பதைக் கோயிலில் பார்த்ததிலிருந்து அப்பாவுக்கு நிம்மதி போனது. ஒருமுறை கெஞ்சியே பார்த்தார். "பொம்பளப் புள்ளைக்குக் கண்ணாடி மாட்டிவுட்டா நாளைக்கு யாரு கட்டுவா? உங்க வேலையப் பாத்துட்டுப் போங்க" என்று அத்தை குழந்தையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். மூச்சுத் திணறலோடு படுத்திருந்த கடைசி நாட்களிலும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "அந்தப் புள்ள கண்ணப் பாத்தாங்களாம்மா?" இல்லை என்று சொல்ல மனம் வராமல் தலையாட்டி வைத்தேன்.

அப்பாவின் கடைசி நாட்களில் நற்கருணை கொண்டுவந்து கொடுத்த பங்குத்தந்தைக்கும், ராத்திரி பகல் பாராமல் அம்மாவுக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், மழையில் நின்று குழி வெட்டிய ஊர் இளைஞர்களுக்கும், வண்டி பிடித்து வந்த எல்லா உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வரமுடியாமல் போனில் அழுதவர்களுக்கும் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கல்லறையில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு யாரிடமும் பேசாமல் போன அத்தை, முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பேத்தியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சேலத்துக்கு எந்த பஸ்ஸுல போறது? நீயும் வா" என்றார். மறுநாளே கிளம்பினோம்.

மருத்துவர் குழந்தையைச் சோதித்துவிட்டு, சீட்டில் எழுதிக்கொண்டே, "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்குதாம்மா?" என்று கேட்டார். பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். அத்தை என் கையை அழுத்திப் பிடித்து நிறுத்தினார்.

"எங்கண்ணனுக்கு இருந்துச்சுங்க" என்றார். "எனக்கும் இருக்குதுங்க."