உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு

குமாசிப் பெரிய சந்தைக்கும் தாஃபோவுக்கும் நடுவே ஓடும் த்ரோத்ரோ வேன்களில் ஒன்றில் சார்போங் பதினேழு வருஷம் மேட்டாக, அதாவது கண்டக்டராக, இருந்தான். பக்கக் கதவில் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிடுவது, காசு வாங்குவது, வாங்கிய காசுக்கு மீதி கேட்டால் ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பது, இவ்வளவும் மேட்டின் வேலை. வண்டியின் உயரம் சார்போங்குக்குப் போதாது. குனிந்தே நின்று நின்று, அவன் படுத்தால்கூட அருவாள் மாதிரி வளைந்துதான் படுக்கிறான் என்று அவன் பெண்டாட்டி போக்குவா சொல்வாள்.

வண்டியும் சாதாரண வண்டி இல்லை. தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒருமுறை ஒரு கோழி ஏறி, இரண்டு ஸ்டாப் தாண்டி, டிக்கெட் எடுக்காமல் இறங்கிப் போயிருக்கிறது. டிரைவர் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. வெளியே நின்று முழங்காலால் ஒரு முட்டு முட்டி, இரண்டு கையாலும் தூக்கி இழுத்தால்தான் திறக்கும். அதுவும் மேட்டின் வேலைதான். டிரைவர் ஒபிரிக்கு ஒன்றுக்கு வந்தால்கூட சார்போங் சுற்றி ஓடி வர வேண்டும். பதினேழு வருஷமாக ஒபிரியின் சிறுநீருக்குச் சாவி சார்போங்கிடம்தான் இருந்தது.

தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் புறப்படு என்று அர்த்தம். ஒரு தட்டு தட்டினால் நில் என்று அர்த்தம். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சார்போங் வலது பக்கக் கதவில் தலையை நீட்டி, "பின்னால வா, பின்னால வா, கொஞ்சம் ஒடி, ஹோ" என்று சொல்லுவான். இரண்டு முட்டைக்கு நடுவே விடச் சொன்னாலும் விட வைப்பான், ஓடு கீறாது.

ஆனால் அவனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து அதே வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னால் போச்சு. சீட்டு இருப்பது இடது பக்கம். பதினேழு வருஷம் வலது பக்கமாகவே திரும்பிய கழுத்து இடது பக்கம் திரும்ப மாட்டேன் என்றது. யாராவது "பின்னால வா" என்று சொல்வார்கள் என்று காது காத்துக்கொண்டே இருக்கும். யாரும் சொல்ல மாட்டார்கள். டமார் என்று சத்தம் கேட்டதும், அவன் கையே வெளியே போய்த் தகரத்தில் ஒரு தட்டு தட்டும். தனக்குத் தானே நில் என்று.

லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு எண்ணெய் டிரம்முக்கு நடுவே வண்டியைப் பின்னால் விட வேண்டும். ஐந்து தடவை எழுதினான், ஐந்து தடவையும் இடித்தான். வலது பக்கத்து டிரம்மில் அவன் பெயர் எழுதாத குறைதான். ஐந்தாவது தடவை அவன் சாவியைத் திருகுவதற்கு முன்பே ஆபீசர் 'இடித்தான்' என்று எழுதி முடித்து, பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் வெற்றி வகுப்பு வந்தது. சனிக்கிழமை மத்தியானம், ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில். பாடம் எடுத்தவர் பெயர் அடு-டார்கோ. அவர் ஷூவைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"ஆகும்னு சொல்லாதீங்க. ஆயிடுச்சுன்னு சொல்லுங்க," என்றார் அடு-டார்கோ. "வீட்டுல ஒரு ஆள்கிட்டயாவது வாய்விட்டுச் சொல்லணும். சொன்னதுக்கப்புறம் ஒரு தடவைகூட இல்லைன்னு சொல்லிடாதீங்க. இல்லைன்னு சொன்ன நிமிஷமே, வந்துக்கிட்டு இருக்குறது அப்படியே திரும்பிப் போயிடும்."

சார்போங் இதை நோட்டில் எழுதிக்கொண்டான். எழுதியதோடு அடியில் கோடும் போட்டான். முப்பத்தொன்பது வயசில் அவன் போட்ட முதல் நேர்க்கோடு அதுதான்.

ஆறாவது பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. அன்று சாயங்காலம் போக்குவா முற்றத்தில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அவள் புளித்த சோளமாவில் அவித்த கெங்கே உருண்டையும் மீனும் விற்கிறவள். சார்போங் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைக் கனைத்து, "நான் பாஸாயிட்டேன்," என்றான்.

இது பயிற்சி என்று அடுத்த வாக்கியத்தில் சொல்வதாகத்தான் இருந்தான். அடுத்த வாக்கியத்துக்கு இடமே கிடைக்கவில்லை. போக்குவா கரண்டியோடு எழுந்து நின்று போட்ட கூச்சலில் தாஃபோ முழுக்க ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. அந்த முற்றத்தைச் சுற்றிப் பதினோரு குடித்தனம். பதினோரு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. கேஸ் ஜெயித்தவனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் போடுகிற மாதிரி, பவுடர் டப்பாவோடு பெண்கள் வந்துவிட்டார்கள். கழுத்தில் கொட்டினார்கள், நெஞ்சில் கொட்டினார்கள். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வாயிலும் கொட்டினார்கள்.

எதிர் அறையில் இருக்கும் டுஃபி அக்கா சந்தையில் தக்காளி விற்கிறவள். அரை டப்பாவை அவளே தீர்த்தாள். "இனிமே என்னை ஓசியில கூட்டிட்டுப் போவேல்ல?" என்று கேட்டாள்.

"போவேன்க்கா," என்று சொல்லி, ஒரு வாய் பவுடரைத் தும்மினான் சார்போங்.

ராத்திரி போக்குவா அவன் கழுத்தைத் துடைக்கவே விடவில்லை. "எங்கம்மா உன்னைப் பாத்து என்ன சொன்னா தெரியுமா? இவன் கடைசி வரைக்கும் கதவுலதான் தொங்குவான்னா. காலைல போய்ச் சொல்லப்போறேன்," என்றாள். சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள். சார்போங் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். இல்லை என்று சொன்னால் வந்துகொண்டிருப்பது திரும்பிப் போய்விடும். சொல்லாவிட்டால் மாமியார் வந்துவிடுவாள்.

திங்கட்கிழமை அவன் ஸ்டாண்டுக்குப் போவதற்கு முன்பே சேதி போயிருந்தது. ஒபிரி வீங்கிய காலை ஒரு எண்ணெய் டின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கால் ஒரு மாதமாகச் சேனைக்கிழங்கு மாதிரி வீங்கிக் கிடந்தது.

"வாங்க டிரைவர் சார்," என்றார் ஒபிரி. "மேட்டுன்னு கூப்பிட்ட வாயாலயே கூப்பிடறேன், கோவிச்சுக்காதே."

"மாஸ்டர், கார்டு இன்னும் கைக்கு வரல."

"வரட்டும். வியாழக்கிழமையிலேர்ந்து நீ ஓட்டு. நான் காலை நீட்டிப் படுக்கணும். மேட் வேலைக்கு என் மச்சானுக்குச் சொல்லிட்டேன். அவனும் தையல் மிஷினை வித்துட்டு வந்துட்டான்."

மச்சான் ஆம்பொன்சா அங்கேயே நின்றான். வண்டிக் கதவைக் கழற்றிவிட்டு அவனை மாட்டினாலும் பொருந்தும், அப்படி ஒரு உடம்பு. "அண்ணே, ஒங்க எடத்துக்கு வந்திருக்கேன், ஆசீர்வாதம் பண்ணுங்க," என்றான். சார்போங் கையை உயர்த்தினான். உயர்த்திய கையை இறக்க மறந்துபோனான். ஆசீர்வாதம் நீளமாகவே கிடைக்கிறது என்று ஆம்பொன்சா நினைத்துக்கொண்டான்.

இப்போது சார்போங்குக்கு ஓட்டவும் தெரியாது, தொங்கவும் இடம் கிடையாது. இரண்டு நாளும், வண்டி கெட்டுப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டான். பதினேழு வருஷமாகத் தினம் ஒருமுறையாவது நடுரோட்டில் நின்று மானத்தை வாங்கிய வண்டி, அந்த இரண்டு நாள் மட்டும் கல்யாணக் கார் மாதிரி ஓடியது. டயர்கூடப் பஞ்சர் ஆகவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வெற்றி வகுப்புக்காரருக்கு போன் போட்டான். "நம்பிக்கையை விடாதீங்க, அடுத்த வகுப்புக்கு வாங்க," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை வந்தது. சந்தை ஸ்டாண்டில் வண்டி சுவரைப் பார்த்து நின்றது. ஆள் நிரம்பும் வரை காத்திருந்து, பின்னால் எடுத்துத்தான் வெளியே போக முடியும். பின்னால் வலது பக்கம் டுஃபி அக்காவின் தக்காளி. ஒன்றன்மேல் ஒன்றாக, கழுத்து உயரத்துக்குப் பதினாறு கோபுரம்.

ஒபிரி நொண்டிக்கொண்டே சுற்றி வந்து, முழங்காலால் முட்டிக் கதவைத் தூக்கித் திறந்து, சார்போங்கை உள்ளே ஏற்றி, சாத்தினார். டப் என்று மூடிக்கொண்டது. சார்போங் உள்பக்கம் கையால் தடவிப் பார்த்தான். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துருப்பிடித்த ஓட்டை. பதினேழு வருஷத்தில் அந்தக் கதவை அவன் உள்ளேயிருந்து உற்றுப் பார்த்தது அன்றுதான். வலது பக்கமாக நகர்ந்து இறங்கலாம் என்றால், முன் சீட்டில் இரண்டு தடித்த அம்மாக்கள். அவர்கள் மடியில் ஒரு மூட்டைக் கிழங்கு.

பிரசங்கி ஒருவர் ஏறினார். வண்டி புறப்படுவதற்கு முன் எப்போதும் ஜெபம் பண்ணுகிறவர்தான். அன்று ஜெபம் முழுக்க புது டிரைவருக்கு. "இந்தக் கைகளைக் காத்தருளும்," என்றார். இருபத்திரண்டு பேரும் ஆமென் என்றார்கள். டுஃபி அக்கா ஜன்னல் வழியாகக் கையை விட்டு மிச்சமிருந்த பவுடரையும் அவன் கழுத்தில் கொட்டினாள்.

"சுகமாப் போயிட்டு வாடா," என்றாள்.

ஆம்பொன்சா இரண்டு தட்டு தட்டினான்.

சார்போங் சாவியைத் திருகினான். வண்டி ஒரே திருகில் கிளம்பியது, துரோகி. ரிவர்ஸ் கியர் போட்டான். கழுத்து வலது பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து ஆம்பொன்சா, "வா, வா, வா, வந்துக்கிட்டே இரு," என்றான். ஒடி என்றும் சொல்லவில்லை, ஹோ என்றும் சொல்லவில்லை. விட்டால் சமுத்திரம் வரைக்கும் வா வா என்பான்.

கிளச்சிலிருந்து கால் ஒரு விரல்கடை ஏறியது. வண்டி ஒரு முழம் பின்னால் போயிற்று. ஓரத்துக் கண்ணாடியில் தக்காளிக்குப் பக்கத்தில் டுஃபி அக்கா தெரிந்தாள். கையில் காலி டப்பாவோடு, சிரித்துக்கொண்டு, நகராமல் நின்றாள்.

கையே வெளியே போயிற்று. தகரத்தில் ஒரு தட்டு.

அந்த ஸ்டாண்டில் அந்தத் தட்டைத் தெரியாதவர்கள் கிடையாது, சார்போங்கின் பிரேக் காலுக்கும் தெரியும். வண்டி நின்றது. பக்கத்து வண்டி நின்றது. வறுத்த வாழைக்காய் விற்கிறவள்கூட அகப்பையை நிறுத்தினாள்.

"என்னப்பா?" என்று ஒபிரி நொண்டி வந்தார்.

சார்போங் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "கதவைத் தொறங்க மாஸ்டர்."

"ஒன்னுக்கா?"

"இல்ல." அந்த ஒரு வார்த்தை வெளியே வந்ததும், வந்துகொண்டிருந்ததெல்லாம் திரும்பிப் போவது அவனுக்குக் கண்ணிலேயே தெரிந்தது. இனி என்ன என்று மிச்சத்தையும் சொன்னான். "நான் பாஸாகல. பரீட்சையே வர்ற செவ்வாக்கிழமைதான். அஞ்சு தடவை டிரம்முல இடிச்சவன் நான். இப்ப எடுத்தா டுஃபி அக்கா மேலதான் எடுப்பேன்."

முன் சீட்டு அம்மாக்களில் ஒருத்தி, "அப்ப அந்த ஆமென் யாருக்குப் போச்சு?" என்றாள். மொத்த வண்டியும் சிரித்துக் குலுங்கியது. சிரிக்காதவர்கள் மூன்று பேர். ஒபிரி, டுஃபி அக்கா, சார்போங்.

"என் பவுடரைக் குடு," என்றாள் டுஃபி அக்கா. "ஒரு டப்பா. முழு டப்பா."

ஒபிரி கதவைத் திறந்தார். சார்போங்கை இறக்கிவிட்டு, வீங்கிய காலோடு அவரே ஏறி உட்கார்ந்தார். ஆம்பொன்சா மறுபடி வா வா என்று ஆரம்பித்தான். இரண்டாவது 'வா'வுக்குள் சார்போங் பின்னால் போய் நின்றிருந்தான். "பின்னால வா, பின்னால வா. கொஞ்சம் ஒடி. ஹோ." ஒரு தக்காளிகூட அசையாமல் வண்டி வெளியே வந்தது. ஆம்பொன்சாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வண்டி நின்றிருந்த இடத்தில் எண்ணெய்க் கறையும், அதன்மேல் சார்போங்கும் மிஞ்சினார்கள்.

வீட்டில் போக்குவா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் பேசினாள், அதற்கு அந்த இரண்டு நாளே தேவலை. அவள் அம்மா விஷயம் கேள்விப்பட்டுச் சிரித்ததில் விக்கல் எடுத்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாளாம். ஸ்டாண்டில் அவனைப் பார்த்தவர்களெல்லாம் தகரத்தில் ஒரு தட்டு தட்டினார்கள். ஆம்பொன்சா வேலையை விட முடியாது, தையல் மிஷினை விற்றுவிட்டானே.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும் இடத்துக்கு ஒபிரி அவனை வரச் சொன்னார். கழுவச் சொல்லத்தான் என்று நினைத்துச் சார்போங் வாளியோடு போனான். அங்கே இரண்டு பழைய டயர் நிறுத்தி வைத்திருந்தது.

"ஏறு," என்றார் ஒபிரி. ஏற்றிச் சாத்திவிட்டு வலது பக்கக் கதவில் போய்த் தொங்கினார். வீங்கின காலைக் காற்றில் வைத்துக்கொண்டு, "பின்னால வா. பின்னால வா. ஒடி. ஹோ," என்றார்.

வண்டி இரண்டு டயருக்கும் நடுவே போய் நின்றது. சார்போங்குக்கே நம்பிக்கை வரவில்லை.

"இப்ப நான் பேச மாட்டேன்," என்றார் ஒபிரி. டமார்.

"என்னடா அது?"

"நீங்க பேசல மாஸ்டர்."

ஒபிரி டயரை நிமிர்த்தி வைத்தார். "பதினேழு வருஷமா என் காதுல பேசினியே, உன் காதுல பேச உனக்கு என்ன கேடு?"

செவ்வாய்க்கிழமை எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் சார்போங் பரீட்சைக்குப் போனான். ஆபீசர் பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தார். சார்போங் சத்தம் போட்டு, "பின்னால வா, பின்னால வா, கொஞ்சம் ஒடி," என்று தனக்கே சொல்லிக்கொண்டு வந்து, "ஹோ," என்று நிறுத்தினான். டிரம் அப்படியே நின்றது. ஆபீசர் இறங்கிப் போய் டிரம்மைத் தொட்டுப் பார்த்தார்.

"யார்கிட்டய்யா பேசினே?"

"என் மேட்டுகிட்ட சார்."

அதற்கப்புறம் ரோட்டு போர்டுப் படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். பன்னிரண்டு படத்தில் ஏழு தப்பு. பதினேழு வருஷம் பின்னாலேயே பார்த்துக்கொண்டு போனவனுக்கு, முன்னால் இருக்கிற போர்டு எப்படித் தெரியும்? வண்டி ஓட்டினதில் பாஸ், படத்தில் ஃபெயில், அதை மட்டும் அடுத்த மாசம் வந்து எழுது என்று அனுப்பிவிட்டார்கள்.

போக்குவா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அவன் நிற்கிற நிலையைப் பார்த்ததுமே கரண்டியை நிறுத்தினாள்.

"எங்க போயிட்டு வரே?"

"பரீட்சைக்கு. டிரம்மு பாஸ். படம் ஃபெயில். பாதிதான். உள்ளதைச் சொல்றேன்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். மீனைத் திருப்பிப் போட்டாள். உள்ளே போய்ப் பவுடர் டப்பாவோடு வந்தாள். அவன் தலையைத் தோள் பக்கம் சாய்த்துப் பிடித்து, வலது கழுத்தில் மட்டும் அளந்து கொட்டினாள்.

"இந்தப் பக்கம்?" என்று இடது கழுத்தைக் காட்டினான் சார்போங்.

"அது அடுத்த மாசம்," என்று டப்பாவை இறுக மூடினாள் போக்குவா. "தொடைக்காதே. அப்படியே ஸ்டாண்டுக்குப் போ. டுஃபி அக்காகிட்டயும் காட்டு."