நாலாவது பகுதிக்குள் இன்னும் ஒரு ஆள்

எங்கள் ஆஸ்பத்திரியின் சர்வர், பீரோ உயரத்துக்கு ஒரே இரும்புப் பெட்டி. உள்ளே அதை நாலு பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தனிக் கம்ப்யூட்டர் மாதிரி. பில் போட ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, வார்டுகளுக்கு ஒன்று, நாலாவது ரத்த வங்கிக்கு. பெட்டியைத் திறந்து ரிப்பேர் பார்க்க வேண்டுமென்றால் நாலையும் முறைப்படி மூடிவிட்டுத்தான் கரண்டை நிறுத்த வேண்டும். பிளஸ் டூவும் டைப்பிங்கும் முடித்து வேலைக்கு வந்த எனக்கு அந்த அளவுக்குத் தெரியும்.

அன்று காலை பெட்டிக்குள் காற்றடிக்கும் விசிறிகளில் ஒன்று நின்றுபோனது. பங்குனி வெயில் வேறு. கம்பெனியிலிருந்து வந்த என்ஜினியர் தம்பி புது விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார்.

"யக்கா, மிச்சம் ரெண்டுதான் ஓடுது. அதுல ஒண்ணு நின்னாலும் சூட்டுல பெட்டி தானா விழுந்துரும். நாலும் மொத்தமா போயிரும்."

எல்லாரும் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வரும்படி மைக்கில் சொன்னேன். பிறகு கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம். அது என் வழக்கம். பில் பகுதி மூடியது. மருந்தகம் மூடியது. வார்டும் மூடியது. நாலாவது மட்டும் மூட மாட்டேன் என்றது. உள்ளே இன்னும் ஒரு ஆள் இருப்பதாகத் திரை காட்டியது.

ரத்த வங்கி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நான் அப்பமே அணைச்சிட்டேன்ட்டி. இந்தா கருப்பா கெடக்கே."

"யக்கா, திரையை அணைச்சியளா, கம்ப்யூட்டரை அணைச்சியளா?"

"ரெண்டும் ஒண்ணுதானட்டி?"

"அங்கன டெஸ்ட் ஏதும் ஓடுதா?"

அக்காவின் குரலே மாறிவிட்டது. "ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளைக்கு ரத்தம் சேருமான்னு மிசின்ல போட்டிருக்கேன். பிரசவத்துல ரத்தப்போக்கு, தியேட்டர்ல கெடக்கா. ஏட்டி, அணைச்சிராத!"

அந்த மிசின் சோதனையை முடித்ததும் முடிவை நேராக நாலாவது பகுதிக்குத்தான் அனுப்பும். வாங்கிக்கொள்ள அது இல்லையென்றால் முதலிலிருந்து திரும்பச் சோதிக்க வேண்டும். அதுவரை அந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்ற முடியாது.

"உள்ள ஆள் இருந்தாலும் மூடுததுக்கு வழி இருக்குக்கா," என்ற தம்பி, விஷயத்தைக் கேட்டதும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்ப காத்திருப்போம். ஆனா இது விழுந்தா அந்த முடிவும் சேர்ந்துல்லா போயிரும்?"

"விழாது."

"எப்படிக்கா சொல்லுதிய?"

எனக்கு மட்டும் என்ன தெரியும்? "பேசாம அந்த மேஜை ஃபேனை இங்கன இழுங்க தம்பி."

பெட்டியின் கதவைத் திறந்துவைத்துக் காற்று விட்டோம். மூன்று பகுதிகள் மூடியிருந்ததால் சூடு குறையும் என்று நினைத்தோம். குறையவில்லை, ஏறுவது மெதுவானது, அவ்வளவுதான். மஞ்சளாக எரிந்த விளக்கு சிவப்பானது. மிச்சமிருந்த விசிறிகளில் ஒன்று கரகரவென்று அரைக்க ஆரம்பித்தது. "இயேசப்பா, அந்தத் தாயை நினைத்தருளும், இதை நிறுத்திப்போடாதேயும்" என்று வாய்விட்டே கெஞ்சினேன். தம்பி நெற்றியில் திருநீறு பூசியவர். அவரும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

போன் அடித்தது.

"சேருதுட்டி! ரெண்டு பையும் சேருது! சீட்டு வந்துட்டு, தியேட்டருக்குத் தூக்கிட்டுப் போறாவ."

"யக்கா, திரையைப் போட்டு முறையா வெளிய வாங்க. பைய, பதறாம."

அக்கா வெளியே வந்ததும் நாலாவது பகுதியை மூடினேன். நாலும் நின்றுவிட்டதா என்று திரும்ப ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் தம்பியை மெயினை இறக்கச் சொன்னேன். அறை அப்படியே அடங்கியது.

தம்பி பழைய விசிறியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அக்கா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"ரத்தம் ஏறுது. பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாவ. பொம்பளப்பிள்ள."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கண் நிறைந்துவிட்டது.

"அழுதது போதும்ட்டி. பிள்ள பொறந்தத எங்க பதிய? உன் மிசின்தான் படுத்துக் கெடக்கே."

"பைய பதிவோம்க்கா. அவ இப்பந்தான வந்திருக்கா, எங்க ஓடப் போறா?"